செவிலியர் படிப்பின் சொற்கள்: முக்கூடல் பக்கத்து மாணவிக்கு ஒரு பதில்

முக்கூடலுக்கு அருகே உள்ள கிராமம் ஒன்றிலிருந்து, பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அம்மா பீடி சுற்றுகிறார்; அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, நல்ல மதிப்பெண் பெற்று, கலந்தாய்வு மூலம் இடம் கிடைத்துச் சேர்ந்தவர். சேர்ந்த நாளிலிருந்து பாடநூல்களில் வரும் மருத்துவச் சொற்கள் அவரை மிரட்டுகின்றன. நீள நோட்டு ஒன்றில் நானூறு சொற்களை அகரவரிசைப்படி எழுதி மனப்பாடம் செய்ததாகவும், ஒரே வாரத்தில் முக்கால்வாசி மறந்துபோனதாகவும் சொல்கிறார். வார்டுப் பயிற்சியின் இரண்டாவது வாரத்தில், பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த ஆச்சி ஒருவர், “ஏ பிள்ள, தொண்டை காயுது, ஒரு மடக்கு காப்பி தாயேன்” என்று கேட்டிருக்கிறார். மாணவி ஃபிளாஸ்கில் இருந்த பால் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் ‘என்.பி.ஓ.’ என்று எழுதிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அது எதைக் குறிக்கிறது என்று அவருக்கு அப்போது தெரியாது. சற்று நேரம் கழித்துத் தோழியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், தானே ஓடிப்போய் சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அறுவைச் சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. வார்டு முழுவதும் கேட்கும்படி சிஸ்டர் திட்டியதில், “தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்தப் படிப்பு” என்ற சொல் மட்டும் இன்னும் காதில் நிற்கிறது என்கிறார். அன்றிலிருந்து ஐந்து நாள்களாக அவர் பயிற்சிக்குப் போகவில்லை.

அவர் கேட்பவை இவை. ஆங்கிலம் சரியாக வராத தனக்கு இந்தச் சொற்கள் எந்தக் காலத்திலாவது வசப்படுமா? டாக்டர் சொல்வதைச் செய்வதுதானே நர்ஸின் வேலை, அதற்கு இத்தனை கலைச்சொற்கள் எதற்கு? நோயாளி சொன்னதாக “மேலுக்கு முடியல” என்று தான் எழுதிக் காட்டியபோது வகுப்பே சிரித்ததே, அது தவறா? மாமா சொல்வதுபோல் இதை விட்டுவிட்டு ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பிலோ கலைக் கல்லூரியிலோ சேர்ந்துவிடலாமா?

அன்புள்ள மாணவிக்கு,

பாளையங்கோட்டையில் செவிலியர் மாணவியருக்கு நான் 28 ஆண்டுகளாகப் பாடம் எடுத்து வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் உண்மையானது. ஆனால் அதற்கு நீங்கள் கண்டுபிடித்திருக்கும் காரணம் தவறானது. அதை விளக்கத்தான் இந்தப் பதிலின் பெரும்பகுதியைச் செலவிடப் போகிறேன். அதற்கு முன் அந்தக் காப்பியைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் அது மனத்தில் கிடக்கும்வரை நான் சொல்லும் வேறு எதுவும் உள்ளே போகாது.

என்.பி.ஓ. என்பது ‘நில் பெர் ஓஸ்’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று பொருள். மயக்க மருந்து கொடுக்கும்போது இருமல், விழுங்கல் போன்ற தற்காப்புச் செயல்கள் ஓய்ந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் இரைப்பையில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் உடம்பால் தடுக்க முடியாது. இதைத்தான் ஆஸ்பிரேஷன் என்கிறோம்; நுரையீரல் கெட்டு உயிரே போகக்கூடிய நிலை அது. தண்ணீர், பால் சேராத கடுங்காப்பி போன்ற தெளிந்த நீர்மங்கள் குடித்தால் 2 மணி நேரமும், பாலும் இட்லி போன்ற இலேசான உணவும் சாப்பிட்டால் 6 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. நீங்கள் கொடுத்தது பால் காப்பி. ஆகவே அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைத்தது சரியான முடிவு. அந்த முடிவை எடுக்க முடிந்ததற்கு ஒரே காரணம், நீங்கள் ஓடிப்போய்ச் சொன்னதுதான். திட்டுக்குப் பயந்து நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால், வயிற்றில் பாலோடு அந்த ஆச்சி மயக்க மருந்து மேசைக்குப் போயிருப்பார். தவறு நடந்தது உண்மை. அது நோயாளியைத் தொடாமல் தடுத்தவரும் நீங்களே.

ஊரறியத் திட்டியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். தவறைத் தனியே அழைத்துச் சொல்லித் திருத்தும்படி கேட்கும் உரிமை மாணவிக்கு உண்டு. பயிற்சியின் தொடக்கத்திலேயே அந்த வார்டில் புழங்கும் சுருக்கங்கள் உங்களுக்கு விளக்கப்பட்டிருக்க வேண்டும்; உங்களைக் கண்காணிக்க ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்திருக்கவும் வேண்டும். இவற்றைக் கோபத்தில் புகார் மனுவாக எழுதாதீர்கள். பயிற்சி ஆசிரியரிடம் நேரில் அமைதியாகச் சொல்லுங்கள். நிகழ்வு அறிக்கை எழுதச் சொன்னால் தயங்காமல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அடுத்த மாணவிக்கு அதே சறுக்கல் நேராமல் தடுப்பதற்காகத்தான் அந்த அறிக்கை இருக்கிறது.

இவை ஆங்கிலச் சொற்கள் அல்ல

‘எனக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் என்.பி.ஓ. தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்.பி.ஓ. ஆங்கிலமே அன்று. உங்கள் நோட்டில் இருக்கும் நானூறு சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கமும் லத்தீனும்தான். கான்வென்ட்டில் படித்து வந்த உங்கள் வகுப்புத் தோழிக்கும் ‘கோலிசிஸ்டெக்டமி’ என்பது முதல் நாளில் வெறும் ஓசைதான். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் மாணவி ஒருவர், “ஸ்டூல் அனுப்பியாச்சா?” என்று சிஸ்டர் கேட்டதும் பார்வையாளர் உட்காரும் முக்காலியைத் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். மலப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பியாயிற்றா என்பதே கேள்வி. தெரிந்த மொழியே காலை வாரிவிட்ட இடம் அது. பாடநூலின் வாக்கியங்களைப் படிக்கவும் தேர்வு எழுதவும் ஆங்கிலம் வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. முதல் பருவத்திலேயே அதற்கென ஒரு பாடமும் உங்களுக்கு இருக்கிறது. ஆனால் கலைச்சொல் என்ற மலையின் அடிவாரத்தில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

சொல்லப்போனால், அந்த மலையில் ஏற உங்களிடம் ஒரு கைத்தடி இருக்கிறது. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள். ‘படித்தனன்’ என்ற சொல்லைப் பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்து மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். மருத்துவச் சொற்களும் அப்படியே பிரியும். காப்பி கேட்ட ஆச்சிக்குச் செய்யவிருந்த அறுவையையே எடுத்துக்கொள்வோம். கோலி என்றால் பித்தம், சிஸ்ட் என்றால் பை, எக்டமி என்றால் வெட்டி நீக்குதல். பித்தம், பை, நீக்கம்: கிரேக்கர் எந்த வரிசையில் அடுக்கினார்களோ அதே வரிசையில் தமிழும் ‘பித்தப்பை நீக்கம்’ என்கிறது. ‘கொலஸ்ட்ரால்’ என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அதிலும் முன்னால் நிற்பது அந்தப் பித்தம்தான். முதன்முதலில் பித்தக் கற்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் வந்த பெயர் அது.

சாரியைகூட இங்கே உண்டு. காஸ்ட்ர் என்பது இரைப்பை, என்டர் என்பது குடல், ஐடிஸ் என்பது அழற்சி. இரைப்பையையும் குடலையும் சேர்க்கும்போது நடுவில் ‘ஓ’ என்ற ஓர் ஒலி வந்து ‘காஸ்ட்ரோஎன்டரைடிஸ்’ ஆகிறது. இரைப்பையோடு நேரே ஐடிஸ் சேரும்போது அந்த ‘ஓ’ விலகி ‘காஸ்ட்ரைடிஸ்’ ஆகிவிடுகிறது. ‘மாடு’ என்பதோடு ‘இல்லை’ சேரும்போது உகரம் விலகி ‘மாடில்லை’ என்று ஆகும் அல்லவா, அதுபோலத்தான். ஆகவே அகரவரிசை நோட்டை மூடி வைத்துவிடுங்கள். நானூறு சொற்களை நானூறு தனித்தனிக் கற்களாகச் சுமந்ததால்தான் அவை ஒரு வாரத்தில் உதிர்ந்தன. நாற்பது பகுதிகளும் இருபது விகுதிகளும் கைவசமானால், இதுவரை பார்த்திராத சொல்லைக்கூடப் பிரித்துப் பார்த்துப் பொருள் ஊகிக்க முடியும்.

ஊகிக்கலாம் என்று சொன்னேனே தவிர, ஊகத்தை வைத்து நோயாளியைத் தொடலாம் என்று சொல்லவில்லை. ஓர் எழுத்து மாறினால் உயிர் மாறும் சொற்கள் உண்டு. ‘ஹைப்போ’ என்றால் குறைவு, ‘ஹைப்பர்’ என்றால் மிகுதி. இரைச்சல் மிகுந்த வார்டில் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஹைப்போகிளைசீமியா என்றால் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும் அந்த நோயாளிக்கு உடனே சர்க்கரை வேண்டும். ஹைப்பர்கிளைசீமியா அதன் நேர் எதிர். ‘டிஸ்ஃபேஜியா’ என்றால் விழுங்குவதில் சிரமம். ‘டிஸ்ஃபேசியா’ என்றால் பேசுவதில் சிரமம். முதலாவது உள்ளவருக்கு நீங்கள் அன்போடு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். ‘காலெக்டமி’ பெருங்குடலை வெட்டி நீக்குவது. ‘காலாஸ்டமி’ அதை வயிற்றின் மேற்பரப்பில் வாய் போலத் திறந்து வைப்பது. இத்தகைய சொல் ஒன்று காதில் விழுந்தால், “சிஸ்டர், ஹைப்போதானே, சர்க்கரை குறைவுதானே சொன்னீர்கள்?” என்று திருப்பிச் சொல்லிக் கேளுங்கள். அனுபவம் மிக்க செவிலியர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

தெரிந்ததுபோலத் தோன்றி ஏமாற்றும் சொற்கள்

தெரியாத சொல்லைக் கண்டால் நின்று கேட்போம். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லிடம்தான் ஏமாறுவோம், ஆகவே இவற்றுக்கு நான் கூடுதலாக அஞ்சுகிறேன். ‘அக்யூட்’ என்றால் கடுமையானது என்று பலரும் நினைக்கிறார்கள். திடீரென்று தோன்றிச் சில நாள்களில் ஒரு முடிவுக்கு வருவது என்பதே அதன் பொருள். சாதாரணச் சளிகூட அக்யூட்தான். ‘க்ரானிக்’ என்றால் நாள்பட்டது. ஆஸ்துமாவும் சர்க்கரை நோயும் அந்த வகை. ‘ஷாக்’ என்றால் அதிர்ச்சிச் செய்தியோ மின்சாரமோ அன்று. உடலுறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேராத ஆபத்தான நிலை, கை கால் குளிர்ந்து வியர்த்து, நாடி விரைந்து, இரத்த அழுத்தம் சரியும். சோதனை முடிவு ‘பாசிட்டிவ்’ என்றால் தேடியது கிடைத்தது என்றுதான் பொருள், நோயாளிக்கு அது நல்ல செய்தியாக இருக்காது. ‘சீஃப் கம்ப்ளெயின்ட்’ என்பது புகார் மனு அன்று. எந்தத் தொந்தரவுக்காக மருத்துவமனைக்கு வந்தார் என்பதே அது. பக்கவாதத்தைக் குறிக்கும் ‘சி.வி.ஏ.’ என்ற சுருக்கத்தின் கடைசி எழுத்து ‘ஆக்சிடென்ட்’ என்பதைப் பார்த்துவிட்டு, நோயாளியின் மகனிடம் “எந்த ரோட்டில் நடந்தது?” என்று கேட்ட மாணவி உண்டு. மூளையின் இரத்தக் குழாயில் நேர்ந்த விபத்து அது.

காமாலையும் இப்படிப்பட்டதே. நம் ஊரில் அதை ஒரு நோயாகவே பேசுகிறோம். மருத்துவத்தில் அது நோய் அன்று, அடையாளம். கல்லீரல் அழற்சியாலும் வரலாம், அந்த ஆச்சிக்கு இருந்ததுபோன்ற கல் பித்தக்குழாயை அடைத்தாலும் வரலாம்.

ஆச்சி சொன்னதை ஆச்சி சொன்னபடியே

இனி வகுப்பு சிரித்த கதைக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதுதான் சரி. சிரித்தவர்கள் இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம் ஒன்றை இன்னும் படிக்கவில்லை.

செவிலியர் திரட்டும் தகவல்கள் இரண்டு வகை. நோயாளி தன்னுள் உணர்ந்து சொல்வது ஒன்று. வலி, கிறக்கம், பயம் ஆகியவை இதில் அடங்கும். இதை அறிகுறி என்ற பொருளில் ‘சிம்ப்டம்’ என்றும், தகவல் என்ற முறையில் ‘சப்ஜெக்டிவ்’ என்றும் சொல்வார்கள். நாம் பார்த்தோ தொட்டோ அளந்தோ அறிவது மற்றொன்று. காய்ச்சல் 101 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 110, கணுக்காலில் விரலை அழுத்தினால் விழும் குழி ஆகியவை ‘சைன்’, ‘ஆப்ஜெக்டிவ்’ என்ற வகை. முதல் வகையை நோயாளியின் சொற்களிலேயே, மேற்கோள் குறிக்குள், எழுத வேண்டும் என்பது விதி.

இந்த விதி ஏன் வந்தது என்பதை நம் ஊர்ப் பேச்சைக் கொண்டே பார்க்கலாம். பெரியவர் ஒருவர் வந்து, “நெஞ்சுக்குள்ள கரிக்கி, வாய்வு பிடிச்சிருக்கு” என்கிறார். மாணவி அதை மொழிபெயர்ப்பதாக நினைத்துக்கொண்டு ‘காஸ்ட்ரைடிஸ்’ என்று எழுதிவிட்டால், அவர் மொழிபெயர்க்கவில்லை. நோயைக் கண்டறிந்து தீர்ப்பே எழுதிவிட்டார். அடுத்து அந்தத் தாளைப் படிப்பவரும் வயிற்றைத்தான் பார்ப்பார். அதே பெரியவரிடம், “எப்பத்துல இருந்து? வலி தோளுக்கோ தாடைக்கோ போகுதா? வேர்த்துச்சா?” என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் வியர்வையையும் குறித்து உடனே சிஸ்டரிடம் காட்டினால், மாரடைப்பு ஒன்று நேரத்தோடு கண்டுபிடிக்கப்படலாம். வாய்வு என்று சொல்லிக்கொண்டே வந்த மாரடைப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

“மண்டையிடி”, “குறுக்கு வலிக்கி”, “கிறுகிறுன்னு வருது”, “மூச்சு முட்டுது”, “மேலுக்கு முடியல” ஆகியவற்றை எல்லாம் கேட்ட மாத்திரத்தில் உணரும் காது உங்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. கிறுகிறுப்பு வேறு, கண் இருட்டிக்கொண்டு வருவது வேறு என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து இங்கே பணியில் சேரும் செவிலியருக்கு இது கைவர மாதக்கணக்கில் ஆகிறது. “மேலுக்கு முடியல” என்பதோடு நிறுத்திக்கொண்டதில் மட்டும் ஒரு குறை உண்டு: எப்போதிலிருந்து, எங்கே, எவ்வளவு, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று தொடர்ந்து கேட்டு அவற்றையும் எழுதியிருக்க வேண்டும்.

தமிழில் மருத்துவத்தைச் சிந்திக்க முடியுமா என்று உங்களிடம் யாராவது கேட்டால், ஒன்றைச் சொல்லுங்கள். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு நூல் முதலியவற்றைத் தமிழில் ஆக்கி அச்சிட்டார். கருத்தைத் தமிழில் ஆழமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் உலகம் முழுவதும் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே சொல்லப் பழகுங்கள். ஒரே பெயரை எல்லாரும் சொன்னால்தான் நோயாளிக்குப் பாதுகாப்பு.

நர்ஸ், சொன்னதைச் செய்பவர் மட்டும்தானா?

உங்கள் கடிதத்தில் என்னை வருத்திய வரி இதுதான். மருத்துவரின் ஆணைப்படி மருந்து கொடுப்பது நம் வேலையின் ஒரு பகுதி. செவிலியர் தாமே சிந்தித்து, தாமே முடிவெடுத்து, தாமே பொறுப்பேற்கும் பகுதி தனியே இருக்கிறது. அதற்கு ‘நர்சிங் ப்ராசஸ்’ என்று பெயர்: மதிப்பிடுதல், செவிலியர் கணிப்பு, திட்டமிடல், செயல்படுத்தல், பலனைப் பார்த்து மறுமதிப்பீடு செய்தல் என ஐந்து படிகள்.

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்ட பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சார்ட்டில் சி.வி.ஏ. என்று எழுதிவிடுவார், நோய்க்கு அவர் வைத்த பெயர் அது. அந்தப் பெரியவர் தாமாகத் திரும்பிப் படுக்க முடியாது, தோல் புண்ணாகும் ஆபத்து இருக்கிறது, விழுங்கும்போது புரையேறலாம், பேச முடியாத தவிப்பில் இருக்கிறார்; இவை செவிலியர் கணிப்புகள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, குதிகாலையும் இடுப்பெலும்பின் பின்பக்கத்தையும் தினமும் பார்ப்பது, விரிப்பின் சுருக்கத்தை நீவி விடுவது ஆகிய எதற்கும் மருத்துவர் தனியே ஆணை எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.

இங்கே ஒன்றை நின்று சொல்லத் தோன்றுகிறது. படுக்கைப் புண்ணின் முதல் நிலை, ‘விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு’ என்று உங்கள் பாடநூல் சொல்லும். படமும் வெள்ளைத் தோலில்தான் இருக்கும். வெயிலில் வயலிலும் சூளையிலும் உழைத்துக் கறுத்த நம் மக்களின் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கூடுதலாகக் கறுத்தோ ஊதாவாகவோ அந்த இடம் தெரியலாம், புறங்கையால் தொட்டால் சூடாக இருக்கலாம், கல் போலக் கெட்டியாகவோ சொதசொதவென்றோ இருக்கலாம். ஆக்சிஜன் குறைவால் வரும் நீலமும் அப்படித்தான்; உதட்டின் உட்புறம், நாக்கு, கண்ணின் கீழிமையின் உட்பக்கம் ஆகிய இடங்களில் தேட வேண்டும். சொல்லின் பொருளை மட்டும் தெரிந்து வைத்திருப்பவருக்கு இது தட்டுப்படாது. சொல்லைக் கட்டிலருகே கொண்டுபோய்ப் பார்த்தவருக்குத்தான் தட்டுப்படும்.

மருந்து விஷயத்திலும் கீழ்ப்படிதல் போதாது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம், சரியான பதிவு ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும் பொறுப்பு கொடுப்பவருடையது. நம் பக்கத்து வார்டு ஒன்றில் ஒரே நாளில் மூன்று இசக்கியம்மாள்கள் படுத்திருப்பது சாதாரணம். ஆகவே, “நீங்கதானே இசக்கியம்மாள்?” என்று கேட்காதீர்கள், காது கேளாதவரும் தலையாட்டிவிடுவார். “உங்க பேர் என்ன ஆச்சி, எந்த ஊரு?” என்று அவர் வாயால் சொல்ல வைத்து, கைப்பட்டையிலோ சார்ட்டிலோ உள்ள பதிவெண்ணோடு ஒப்பிடுங்கள். கட்டில் எண்ணை நம்ப வேண்டாம். மருந்துச் சீட்டின் சுருக்கங்களில் அன்றாடம் வருபவை கொஞ்சமே: ஓ.டி. ஒருநாளைக்கு ஒருமுறை, பி.டி. இருமுறை, டி.டி.எஸ். மும்முறை, ஹெச்.எஸ். படுக்கப்போகும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும், ஸ்டாட் உடனடியாக. இவற்றிலும் கண்மருத்துவச் சீட்டில் ஓ.டி. என்றால் வலக்கண் என்று ஆகிவிடும். இன்சுலின் அளவில் ‘யூனிட்’ என்பதைச் சுருக்கி ஒற்றை எழுத்தாக எழுதினால் அது சுழியம்போல் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும் அபாயம் உண்டு. சந்தேகம் வந்தால் கொடுக்காமல் நிறுத்திக் கேட்பது உங்கள் உரிமை மட்டுமன்று, கடமையும்கூட. மாணவி என்ற முறையில், கற்பிக்கப்படாத செயல்முறை எதையும் மேற்பார்வை இல்லாமல் செய்ய மாட்டேன் என்று சொல்லவும் உங்களுக்கு இடமுண்டு.

படிப்பை விடுவது பற்றி

மாமா உங்கள் நலத்தை நினைத்துத்தான் சொல்கிறார். இரண்டு ஆண்டு ஏ.என்.எம். மதிப்புக்குரிய படிப்பு, கிராமங்களில் தாய் சேய் நலத்தைச் சுமப்பவர்கள் அவர்கள். கர்ப்பிணிகளோடும் குழந்தைகளோடும் கிராமத்திலேயே பணியாற்றுவது உங்கள் விருப்பம் என்றால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் சொற்களுக்குப் பயந்து அங்கே போனால், அதே சொற்கள் அங்கேயும் உங்களை எதிர்கொள்ளும். உயர் இரத்த அழுத்தத்தைக் குறிக்கும் ‘ஹைப்பர்டென்ஷன்’ எந்தப் படிப்பிலும் ஹைப்பர்டென்ஷன்தான். கலைக் கல்லூரி என்பது வேறு பாதை. அதை விரும்பித் தேர்ந்தால் சரி, தப்பி ஓடும் வழியாகத் தேர்ந்தால் இரண்டு வருத்தங்கள் மிஞ்சும். என் கருத்து, இந்தப் பருவத் தேர்வை எழுதி முடிக்கும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்பதே.

எப்படி முடிவெடுத்தாலும், பயிற்சிக்குப் போகாமல் இருப்பதை நாளையே நிறுத்துங்கள். தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் பெறுவதற்கு முன் செய்முறைப் பயிற்சி நாள்களை முழுமையாக ஈடுசெய்தாக வேண்டும். உண்மையிலேயே விலக நேர்ந்தால், சொல்லாமல் நின்றுவிடாமல் எழுத்துமூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். அசல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உயர்கல்வி நிறுவனங்கள் அவற்றைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். இரவில் தூக்கமில்லாமல் அழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

படிக்கும் முறைக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். சட்டைப்பையில் அடங்கும் சிறு நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் வார்டில் நீங்கள் நேரில் பார்த்த நோயாளியிடமிருந்து ஐந்து சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சொல், அதன் பிரிப்பு, அன்று கண்ணால் கண்டது ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். நோயாளியின் பெயரை எழுத வேண்டாம், அது அவருடைய இரகசியம். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சொற்களை அவருக்குப் புரியும் தமிழில் விளக்குங்கள். அம்மா இடைமறித்து, “அப்படின்னா என்ன?” என்று கேட்கும் இடம் எதுவோ, அந்த இடத்தைத்தான் நீங்கள் இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

கடைசியாக, அந்த ஆச்சியைப் போய்ப் பார்க்கலாமா, பார்த்தால் திட்டுவாரா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். அவர் இன்னும் வார்டில் இருந்தால், சிஸ்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். உங்கள் தவறால் ஒருநாள் கூடுதலாகப் பட்டினி கிடக்க நேர்ந்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். அவர் மறுபடியும் காப்பி கேட்கக்கூடும். ஃபிளாஸ்கைத் திறக்கும் முன் கால்மாட்டு அட்டையையும் சார்ட்டையும் பார்த்து, வாய்வழி உணவு தொடங்கியாயிற்றா என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.